மீட்பு என்ற சொல்: பெங்களூர்த் தமிழ் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசர் டவுனில் ஞாயிறுதோறும் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்த பெற்றோர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு டிசம்பர் மாதம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிறிஸ்துமஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், இதுல 'மீட்பர் பிறந்தார்'னு போட்டிருக்கு. எங்க ஆயா சேட்டுக் கடையில நகையத்தானே மீட்டாங்க?" அன்று வகுப்பு முழுதும் அந்தக் கேள்வியிலேயே போயிற்று. அதற்குப் பிறகும் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்காத மாதம் இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மீட்பு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கைவிட்டுப் போன ஒன்றை, அது யாருடையதோ அவரிடமே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. இதில் "யாருடையதோ அவரிடமே" என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். புதிதாகக் கிடைத்ததை மீட்பு என்று சொல்வதில்லை. முன்பே நம்முடையதாக இருந்து, இடையில் பறிபோய் அல்லது ஈடாகப் போய், மறுபடி நம் கைக்கு வந்தால்தான் மீட்பு. அந்தப் பெண்ணின் ஆயா செய்ததும் அதுதான், அட்டையில் எழுதியிருந்ததும் அதுதான். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

மீள், மீட்பு, மீட்சி, மீண்டும்: எல்லாம் ஒரே சொல்லா?

வேர் ஒன்று: மீள். அது இரண்டு விதமாக நடக்கும். தானே திரும்பினால் மீள்கிறேன், மீண்டேன், மீள்வேன். இன்னொன்றைத் திருப்பினால் மீட்கிறேன், மீட்டேன், மீட்பேன். முதலாவதிலிருந்து மீட்சி வருகிறது, இரண்டாவதிலிருந்து மீட்பு வருகிறது. காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து நடந்தால் அது அவனுடைய மீட்சி. கிணற்றில் விழுந்தவனைக் கயிறு போட்டுத் தூக்கினால் அது தூக்கியவர்கள் செய்த மீட்பு. பொருளாதாரம் தானாகத் தேறினால் மீட்சி, அரசு கைகொடுத்துத் தூக்கினால் மீட்பு. செய்தி எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. கவனித்தால் ஒரே சொல்லில் பாதிச் செய்தியைச் சொல்லிவிடலாம்.

'மீண்டும்' என்று நாம் நாளுக்கு இருபது தடவை சொல்வதும் இந்த வேரில் பிறந்ததுதான். மறுபடி வருவது என்றால் திரும்பி வருவதுதானே! சிவபுராணத்தில் "மீட்டு இங்கு வந்து வினைப்பிறவி சாராமே" என்று ஓதுகிறோமே, அங்கே 'மீட்டு' என்பதற்கு 'மறுபடியும்' என்று பொருள். மறுபடி இங்கே வந்து பிறவாதபடி, என்று மாணிக்கவாசகர் கேட்கிறார். யாரையோ காப்பாற்றி இங்கே கொண்டுவருவதாகப் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

வீணையை மீட்டுவதும் இதே மீட்பா?

இல்லை, அது வேறு வினை. நரம்பைச் சுண்டுவது 'மீட்டு'. மீட்டினான், மீட்டுவாள், மீட்ட வேண்டும் என்று நடக்கும். நகையை மீட்டான், வீணையை மீட்டினான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். கன்னடத்தில் வீணை வாசிப்பதை 'மீட்டு' போலவே, ஆனால் ஒற்றை டகரத்தோடு (mīṭu) சொல்வார்கள். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் கன்னடம் கைகொடுக்கும். "நகையை மீட்ட வேண்டும்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. "மீட்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

அடகு வைத்த நகையை 'மீட்டேன்' என்று யாராவது பேச்சில் சொல்கிறார்களா?

சொல்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் 'திருப்பு' என்றுதான் கேட்டிருப்பீர்கள். "பொங்கலுக்குள்ள நகையத் திருப்பிடணும்" என்பார்கள். இதன் எதிர்ச்சொல் இன்னும் அழுத்தமானது: மூழ்கிவிட்டது. வட்டி கட்டாமல், தவணை தாண்டி, ஏலத்துக்குப் போன நகையை "முழுகிப்போச்சு" என்கிறோம். யாரும் அதை விற்றுப்போனதாகவோ தொலைந்ததாகவோ சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒன்று தண்ணீருக்குள் இறங்கி மறைவதைப் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது.

என் அம்மாவின் நான்கு பவுன் சங்கிலி அப்படித்தான் மூழ்கியது. சிவாஜிநகரில் ஒரு கடையில், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்தது. இரண்டு முறை வட்டி கட்டி மாற்றி வைத்தார்கள். மூன்றாம் முறை அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன சமயம். தேதி தாண்டிப் போனபோது சங்கிலி இல்லை. முன்கூட்டி ஒரு தாள் வந்திருந்தால் எப்படியாவது புரட்டியிருப்போம், வரவில்லை. அடகுச் சீட்டை மட்டும் அம்மா பல வருடம் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். ஜெபப் புத்தகத்தில் 'மீட்பு' என்ற சொல்லைப் படிக்கும்போது அம்மா சற்று நிறுத்திப் படிப்பார். அவருக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும்.

இதைக் கேட்கிறவர்கள் பலரிடம் இன்றும் நகைக்கடன் இருக்கும் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடனை முழுதும் கட்டிவிட்டால் அன்றைக்கே, தவறினால் அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித்தர வேண்டும். அவர்கள் பக்கத்துத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. தெருமுனை அடகுக் கடை இந்த நெறிமுறைக்குள் வராது.

கன்னடத்தில் இதை எப்படிச் சொல்வார்கள்?

நகையை மீட்பதற்குக் கன்னடத்தில் 'பிடிசு' என்பார்கள். முதலெழுத்தை 'பம்பாய்' என்பதில் வருகிற நடுப் பகரம்போல ஒலியுங்கள். நம்முடைய 'விடுவி'தான் அது. தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரமாகிவிடும். விடு என்பது பிடு, வேர் என்பது பேர், வா என்பது பா. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழர், கன்னடக்காரர் 'பிடு பிடு' என்று சொன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்வதாக நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிப்பார். விடச் சொல்கிறார்கள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் புரியும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நகை விஷயத்தில் கன்னடம் கட்டிலிருந்து அவிழ்வதைப் பார்க்கிறது, தமிழ் வீடு திரும்புவதைப் பார்க்கிறது. ஆன்மா என்று வந்தால் தமிழும் 'விடு' பக்கம் போய்விடுகிறது: வீடு, வீடுபேறு. கிறிஸ்தவ வழிபாட்டில் கன்னடர்கள் 'விமோசனெ' என்பார்கள். நாம் அந்தச் சொல்லைச் சாபத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்: அகலிகையின் சாப விமோசனம்.

மதத்துக்கு முன்னால் இந்தச் சொல் எங்கே இருந்தது?

மாட்டு மந்தையில் இருந்தது. பழந்தமிழ்ப் போர் ஆநிரையில்தான் தொடங்கும். பகைவரின் பசுக்களைக் கவர்ந்து வருவது வெட்சி. கவரப்பட்டவற்றை உடையவர்கள் மீட்டு வருவது கரந்தை. இரண்டும் பூக்களின் பெயர். அந்தந்தப் பூவைச் சூடிக்கொண்டு போவார்கள். தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கியது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூல் அதைத் தனித் திணையாக்கியது. கவர்வதும் மீட்பதும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய செயல்கள் அல்ல என்று காலம் போகப்போகத் தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம்.

மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று தமிழ்ப் பிராமி எழுத்தில் 'ஆகோள்' என்ற சொல்லைத் தாங்கி நிற்கிறது. ஆக்களைக் கொள்ளும் சண்டையில் இறந்தவனுக்கு நட்டது. கன்னடத்தில் பசுக்கூட்டம் 'துரு', அதைக் கவர்வது 'துருகோள்'. கோள் என்ற சொல் இரண்டு மொழியிலும் அப்படியே இருக்கிறது. பசுவை மீட்க உயிர்விட்டவர்களின் வீரக்கற்கள் கர்நாடகம் எங்கும் நிற்கின்றன. பெங்களூரில் வீரக்கல் பார்த்ததில்லை என்பவர்கள் பேகூர் நாகேசுவரர் கோயிலுக்குப் போய் வாருங்கள். ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த ஒரு கல்லெழுத்தில் பெங்களூர் என்ற பெயரே வருகிறது. அது பசுவைப் பற்றியதல்ல, போரைப் பற்றியது. ஆனாலும் ஊருக்காக இறந்தவனைக் கல்லாக நிறுத்தும் வழக்கம் எப்படிப்பட்டது என்று பிள்ளைகளுக்குக் காட்ட நமக்குப் பக்கத்திலேயே ஓர் இடம்.

இன்று கிறிஸ்தவர்கள் 'மீட்பர் தம் உயிரைக் கொடுத்தார்' என்று சொல்லும்போது, இந்த மண்ணில் மீட்கப் போனவன் உயிரைக் கொடுத்த பழைய கதை அந்தச் சொல்லுக்குள் முன்பே இருந்தது.

இரட்சிப்பு, மீட்பு: எது சரி? எங்கள் வீட்டில் அம்மா ஒன்று சொல்கிறார், மாமியார் ஒன்று சொல்கிறார்.

அம்மாவும் மாமியாரும் வேறு வேறு சபை என்று நினைக்கிறேன். லூக்கா நற்செய்தியில் இடையர்களுக்கு வானதூதர் சொல்லும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்த சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் பிறந்திருப்பவர் 'இரட்சகர்'. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-இன் திருவிவிலியத்தில் அவர் 'மீட்பர்'. இரண்டும் ஒரே வரி, ஒரே குழந்தை. ஒரே நகரத்தில் டிசம்பர் 24 இரவு, ஒரு கோயிலில் இரட்சகர் பிறக்கிறார், இரண்டு தெரு தள்ளி மீட்பர் பிறக்கிறார்.

இரட்சிப்பு வடமொழி 'ரக்ஷ்' என்பதிலிருந்து வந்தது; காத்தல் என்று பொருள். ஆபத்து வராமல் காப்பதும், வந்த ஆபத்திலிருந்து காப்பதும் அதில் அடங்கும். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு சொல்லையும் வைத்திருந்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காப்பாற்றுதல் பொதுவாக வரும் இடத்தில் இரட்சிப்பு. விலை கொடுத்துத் திரும்பப் பெறும் பொருள் வரும் இடத்தில் மீட்பு. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் "பாவமன்னிப்பாகிய மீட்பு" என்றே அங்கேயும் இருக்கிறது. திருவிவிலியம் தமிழ்ச்சொல்லையே இரண்டு இடத்துக்கும் ஆக்கிக்கொண்டது.

என் மனம் மீட்பின் பக்கம் சாய்கிறது. இரட்சிப்பு என்று கேட்டால் எனக்கு மேலே இருந்து ஒரு கை இறங்குவதுதான் தெரிகிறது. மீட்பு என்று கேட்டால் 'நீ முன்பே என்னுடையவன்' என்று யாரோ சொல்வதும் சேர்ந்து கேட்கிறது. ஆனால் "இரட்சியும் கர்த்தாவே" என்று அழுதுகொண்டே மன்றாடுகிற ஒரு பாட்டியிடம் போய்ச் சொல்லைத் திருத்தாதீர்கள். அறுபது வருடம் வாயில் இருந்த சொல்லுக்கு அதற்கே உரிய உரிமை உண்டு.

விலை கொடுத்தால்தான் மீட்பா?

விவிலியத்தின் மூலமொழிகளில் விலை இருக்கிறது. கிரேக்கத்தில் 'லூத்ரோன்' என்றால் அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் பணம். பழைய தமிழில் அதை 'மீட்கும்பொருள்' என்றார்கள். திருவிவிலியம் 'மீட்புக்கு ஈடாக' என்கிறது. ஈடு என்பது அடகுக்கும் பெயர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் சொல் கனக்கும். எபிரேயத்தில் 'கோஏல்' என்று ஒருவர் உண்டு. வறுமையால் நிலத்தை விற்ற உறவினனுக்காக அந்த நிலத்தைத் திரும்ப வாங்கவேண்டிய நெருங்கிய சொந்தக்காரர். ரூத்தின் கதையில் போவாசு அப்படித்தான் வருகிறார். நம் ஊரில் தங்கையின் நகை மூழ்கப் போகிறதென்று கேள்விப்பட்டுப் பணத்தோடு ஓடிவருகிற தாய்மாமனை நினைத்துக்கொண்டால் கோஏல் விளங்கிவிடுவார்.

தமிழ் மீட்பில் விலை கட்டாயமில்லை. கரந்தை வீரன் காசு எண்ணிக்கொடுத்துப் பசுவைக் கொண்டுவரவில்லை. இன்றைக்கு மிக முக்கியமான இடம் கொத்தடிமை மீட்பு. செங்கல் சூளையிலோ கல்குவாரியிலோ முன்பணம் வாங்கிக்கொண்டு சிக்கிய குடும்பத்தை மீட்கப் போனால், "பணத்தக் கட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று முதலாளி சொல்வார். போகிறவர்களும் மீட்பு என்றால் கடன் கட்டுவதுதான் என்று நம்பிவிடுவார்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே இல்லாமல் ஆக்கிவிட்டது. ஒரு பைசா கட்டவேண்டியதில்லை. அவர்களுக்கு விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். கூலி பாக்கி இருந்தால் அவர்களுக்குத்தான் வரவேண்டும். இங்கே மீட்கப்படுவது மனிதர்கள், அவர்கள் என்றைக்கும் முதலாளியின் ஈடு ஆகவில்லை என்கிறது சட்டம்.

முத்தி, வீடுபேறு, ஈடேற்றம், மீட்பு: எல்லாம் ஒன்றுதானா?

போய்ச்சேரும் இடம் ஒன்றாகத் தோன்றலாம், படம் வேறு. வீடு என்பது விடுபடுதல், கட்டு அவிழ்வது. தமிழ் முஸ்லிம்கள் பெரிதும் சொல்லும் ஈடேற்றம் என்பதில் ஏற்றம் இருக்கிறது. வைணவர்களின் உய்தல் பிழைத்து வாழ்வது. திருப்பாவையில் "உய்யுமாறு எண்ணி உகந்து" என்று வருகிறதே, அது. மீட்பு என்றால் உடையவரிடம் திரும்புவது.

சுந்தரரை இங்கே சொல்லாமல் விடமுடியாது. திருவெண்ணெய்நல்லூரில் முதியவர் ஒருவர் அடிமையோலையைக் காட்டி "இவன் என் அடிமை" என்று சபையில் வழக்காடி வென்றார். வந்தவர் சிவன். பிறகு கண் இழந்து திருவாரூருக்கு வந்த சுந்தரர், "மீளா அடிமை உமக்கே ஆளாய்" என்று பாடுகிறார். எந்தப் பணத்துக்கும் திருப்பிக்கொள்ள முடியாத, திருப்பிக்கொள்ள விரும்பாத அடிமை. மீட்பே வேண்டாம் என்று சொல்வதன் வழியாக, உடையவர் யாரென்று தெரிந்துவிட்டது என்கிறார். அன்பும் கோபமும் கலந்த பாட்டு அது. அடியாரை இப்படித் தவிக்கவிட்டு நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்று இறைவனையே ஏசுகிறார். வகுப்பில் இதைப் படித்தால் பெரியவர்கள்தான் முதலில் கண்ணைத் துடைப்பார்கள்.

'ஏரியில் சடலம் மீட்பு' என்று செய்தியில் எழுதுவது சரியா?

சரிதான். உயிரை மீட்க முடியவில்லை, உடலையாவது உறவினரிடம் சேர்க்கிறார்கள். 'உடல் மீட்பு' என்று எழுதினால் இன்னும் மரியாதையாக இருக்கும். கடத்தப்பட்ட சிலைகள் திரும்பி வருவதையும் மீட்பு என்பது மிகப் பொருத்தம். ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். அவர் முன்பே நம்முடையவர். திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டதே, அதைச் சிலர் 'சிலை மீட்பு' என்கிறார்கள். அவர் எங்கேயும் போகவில்லை, கோணிக்குள் காத்திருந்தார். திறப்பு என்பதே போதும்.

கூப்பனை 'மீட்டெடுக்கவும்' என்று செயலிகளில் வருகிறதே?

எழுதாதீர்கள். கூப்பன் யாரிடமும் அடகில் இல்லை. 'பயன்படுத்து' என்றால் போதும். பரஸ்பர நிதியில் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பதை மீட்பு என்பது சரி, அது நம் பணம். வீடு, நிலம் அடமானத்திலும் சரி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 60-ஆம் பிரிவு, கடனைக் கட்டி அடமானத்தை மீட்கும் உரிமையைத் தருகிறது. வழக்குப் போடக் காலவரம்பு 30 ஆண்டு.

தப்பு செய்தவன் திருந்தி நல்லபேர் எடுப்பதை மீட்பு எனலாமா?

கதை விமர்சனம் எழுதும் இளைஞர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தன் பிழைக்குத் தானே செய்வது கழுவாய். அதனால் கிடைப்பது உய்வு அல்லது மீட்சி. புறநானூற்றில் ஆலத்தூர் கிழார், பசுவின் மடியை அறுத்தவனுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்கு இல்லை என்கிறார். வள்ளுவரும் அதையே "உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு" என்றார். பேச்சில் 'கரையேறிட்டான்' என்கிறோமே, அது எவ்வளவு நல்ல சொல்! மூழ்கியவன் கரை ஏறுகிறான்.

குடியிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மனைவியோ நண்பரோ மருத்துவரோ செய்தது மீட்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அவர் அந்தக் கடைவாசலைத் தாண்டி நடப்பது அவருடைய மீட்சி.

ஒற்று மிகுமா?

மிகும். மீட்புப் பணி, மீட்புக் குழு, மீட்புப் படை. மீட்பர் என்பதற்குப் பெண்பால் தேவையில்லை, அது இருபாலுக்கும் பொது.

பாட்டியின் கல்லறையில் யோபுவின் வரியைப் போட விரும்புகிறோம். எந்த மொழிபெயர்ப்பு?

பழையதில் "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்". திருவிவிலியத்தில் "என் மீட்பர் வாழ்கின்றார்". பாருங்கள், இந்த இடத்தில் இரண்டு சபையும் மீட்பர் என்றே சொல்கின்றன. பாட்டி எந்த விவிலியத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தார் என்று பார்த்து அதையே போடுங்கள். கல் சின்னதாக இருந்தால் இரண்டாவது ஓரெழுத்தும் உடையாமல் ஒரே வரியில் அடங்கும். வெட்டுகிற தொழிலாளி தமிழ் தெரியாதவராக இருந்தால், 'ட்' மேல் புள்ளி விடுபடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.